ஆசிரியைக்குப் பரிசு: காஃபீன் இல்லாத மூலிகைத் தேநீர் எதை வாங்குவது?

பழைய மாணவி (ஞாயிறு இரவு)

வணக்கம். எனக்குத் தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு அடுத்த மாதம் 70 வயது நிறைகிறது. இங்கே சிங்கப்பூரில், தோ பாயோ வட்டாரத்தில் தனியாக இருக்கிறார். அவரிடம் படித்த நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். ஆளுக்குப் பத்து வெள்ளி (டாலர்), மொத்தம் 60 வெள்ளி. இன்னும் கொஞ்சம் போடவும் எல்லாரும் தயார்.

டீச்சருக்குத் தேநீர் என்றால் உயிர். பள்ளி முடிந்து எங்களைப் பேச்சுப் பயிற்சிக்கு உட்கார வைத்துவிட்டு, ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொள்ளும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இந்த ஆண்டு அவருக்கு நெஞ்சு படபடப்பு வந்து, மருத்துவர் காஃபீனை நிறுத்தச் சொல்லிவிட்டார். போன மாதம் பார்க்கப் போயிருந்தோம். எங்களுக்கெல்லாம் இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்துவிட்டு, அவர் மட்டும் கையில் வெந்நீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்தும் அது மனதை விட்டுப் போகவில்லை.

அதனால்தான் மூலிகைத் தேநீர் வாங்கலாம் என்று நினைத்தேன். பை போட்டது வேண்டாம், நல்ல உதிரி இலையாக வேண்டும். ஆனால் எனக்கு ஒரு பயம். இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பாவுக்காக ஒரு கடையில் 'மூலிகை' என்று சொன்னதை நம்பி ஒரு டப்பா வாங்கினேன். அழகான பெயர், மூடியில் பூப்படம். அதைக் குடித்த அப்பா இரவு இரண்டு மணி வரை விழித்திருந்தார். பிறகு பின்பக்கம் படித்துப் பார்த்தால் முதல் பொருளே பச்சைத் தேயிலை. டீச்சர் விஷயத்தில் அந்தத் தவறு நடக்கவே கூடாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுக்குமல்லி

தங்கச்சி, எதற்குக் கடை கடையாக அலைகிறீர்கள்? நம்மிடம் இருக்கிறதே சுக்குமல்லிக் காப்பி. பெயரில்தான் காப்பி, உள்ளே ஒரு துளி காப்பியும் இல்லை, தேயிலையும் இல்லை. சுக்கு, கொத்தமல்லி விதை, கொஞ்சம் மிளகு, ஏலக்காய். வறுத்து ஒன்றிரண்டாக இடித்து, பனங்கருப்பட்டியோடு கொதிக்க வைத்தால் வீடே மணக்கும். பொருள் எல்லாம் தேக்காவில் (லிட்டில் இந்தியா) கிடைக்கும். 'சுக்குக்கு மிஞ்சிய மருந்தும் இல்லை, சுப்பிரமணியருக்கு மிஞ்சிய சாமியும் இல்லை' என்று சும்மா சொல்லவில்லை. நீங்களே கையால் இடித்து, கண்ணாடிப் புட்டியில் போட்டுக் கொடுங்கள். தமிழ் டீச்சருக்கு இதைவிட என்ன வேண்டும்?

மருந்துச்சீட்டு

நான் மருந்தாளராக வேலை பார்க்கிறேன். முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம், உங்கள் அப்பாவுக்கு நடந்தது அதனால்தான்.

கறுப்பு, பச்சை, வெள்ளை, ஊலாங், பூஅர் எல்லாமே ஒரே தேயிலைச் செடியின் இலைகள். பதப்படுத்தும் முறைதான் வேறு. அதனால் எல்லாவற்றிலும் காஃபீன் உண்டு. மல்லிகைத் தேநீர் என்பது பெரும்பாலும் மல்லிகை மணம் ஏற்றிய பச்சைத் தேயிலை. பொரித்த அரிசி கலந்த ஜப்பானிய கென்மைச்சாவிலும் பச்சைத் தேயிலை இருக்கிறது. வறுத்த ஹோஜிச்சாவில் காஃபீன் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. தேயிலையே சேராத 'மூலிகை'யாக விற்கப்படும் யெர்பா மாத்தே, குவாயுசா இரண்டும் தென் அமெரிக்க இலைகள். இரண்டிலுமே காஃபீன் உண்டு.

அடுத்து, 'டிகாஃப்' வேறு, 'காஃபீன் இல்லாதது' வேறு. டிகாஃப் என்றால் தேயிலையிலிருந்து காஃபீனைப் பிரித்து எடுத்திருக்கிறார்கள், கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஒரு கோப்பைக் கறுப்புத் தேநீரில் சுமார் 40, 50 மில்லிகிராம் என்றால், டிகாஃபில் சில மில்லிகிராம். பலருக்கு அது பொருட்டில்லை. ஆனால் மருத்துவர் அறவே நிறுத்தச் சொன்ன ஒருவருக்குப் பரிசாகக் கொடுக்க நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

டப்பாவின் முன்பக்கத்தை விட்டுவிடுங்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். சிங்கப்பூரில் விற்கும் பாக்கெட் உணவில், எடையில் அதிகமானது முதலில் வரும்படிதான் பொருள்களை எழுத வேண்டும். ரோஜா என்று பெயர் வைத்து, பட்டியலில் ரோஜா ஆறாவதாக வந்தால் நீங்கள் வாங்குவது ரோஜா இல்லை.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம்: டீச்சர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? அது தெரியாமல் எந்த மூலிகையையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

லீ வீட்டு மருமகள்

எங்கள் வீட்டில் மாமியார் செவ்வந்திப்பூத் தேநீர் இல்லாமல் இருக்க மாட்டார். கடைத்தெருவில் டின்னில் விற்பது சர்க்கரைத் தண்ணீர், அதைச் சொல்லவில்லை. உலர்ந்த முழுப்பூ. சைனாடவுன் பக்கம் மருந்துக் கடைகளில் கண்ணாடிச் சாடியிலிருந்து அள்ளி எடை போட்டுத் தருவார்கள். பூ முழுசாக, கிரீம் நிறத்தில், காம்பும் தூளும் குறைவாக இருக்க வேண்டும். பளிச்சென்று ஒரே மாதிரி நிறமாக இருந்தாலோ, மூக்கில் புளித்த நெடி அடித்தாலோ கந்தகப்புகை போட்டிருக்கலாம் என்று மாமியார் வாங்க மாட்டார். கண்ணாடிக் குவளையில் வெந்நீர் ஊற்றி, நாலைந்து கோஜி பழம் (உலர்ந்த சின்னச் சிவப்புப் பழம்) போட்டால் பூ விரிவதைப் பார்க்கவே நன்றாக இருக்கும்.

ஒன்று கவனியுங்கள். சீனக் குடும்பத்துக்குப் பிறந்தநாள் பரிசாக இதைக் கொடுப்பதாக இருந்தால் நான் யோசிப்பேன். வெள்ளை, மஞ்சள் செவ்வந்தி இறுதிச் சடங்கில் வைக்கும் பூ. குடிப்பதற்கு யாரும் தயங்குவதில்லை, ஆனால் பெரியவர் ஒருவரின் பிறந்தநாளுக்குப் பூப்படம் போட்ட டப்பாவை நீட்டுவது வேறு. தமிழ் டீச்சருக்கு அந்தச் சங்கடம் இல்லை.

புதிதாய் வந்தவன்

நான் ஊரிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. காப்பிக்கடையில் 'தே ஹாலியா' என்று இஞ்சி டீ கொடுக்கிறார்களே, அது மூலிகைக் கணக்கில் வருமா?

மருந்துச்சீட்டு

வராது தம்பி. ஹாலியா என்றால் மலாயில் இஞ்சி, தே என்றால் தேயிலை. நல்ல கடுப்பான கறுப்புத் தேயிலைதான்.

தோட்டக்காரி

எங்கள் புளோக் சமூகத் தோட்டத்தில் சங்குப்பூக் கொடி வேலி முழுக்கப் படர்ந்திருக்கிறது. மலாயில் புங்கா தெலாங். பெரானாக்கன் (சீன-மலாய்க் கலப்பு மரபினர்) வீடுகளில் பலகாரத்துக்கு நீல நிறம் ஏற்றுவது இந்தப் பூவால்தான். உலர்த்திய பூவை வெந்நீரில் போட்டால் கருநீலம், எலுமிச்சை பிழிந்தால் கண் முன்னே ஊதாவாகும். பூவிலிருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி புளிப்புக்கு நிறம் மாறும், அதுதான் காரணம். சுவை என்று பெரிதாக இல்லை, அதனால் நான் செராய் சேர்த்துக்கொள்வேன். எலுமிச்சைப் புல்லைத்தான் செராய் என்கிறோம், எந்த ஈரச் சந்தையிலும் கிடைக்கும். காஃபீன் இரண்டிலும் இல்லை.

எதை வாங்கினாலும் ஒன்றை மறக்காதீர்கள். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். உலர்ந்த பூவும் இலையும் ஈரத்தை உடனே இழுத்துக்கொள்ளும். காகிதப் பையில் கொடுத்தால் ஒரு மாதத்தில் நமத்துப் பூசணம் பிடிக்கும். உள்மூடியும் வெளிமூடியும் உள்ள தகர டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள். அடுப்புக்கு மேல் அலமாரியில் வைக்க வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லிவிடுங்கள். பெரிய டப்பாவாக ஒன்று கொடுப்பதைவிட 50 கிராம், 100 கிராம் என்று கொடுத்து, தீர்ந்ததும் மறுபடி வாங்கிக் கொடுப்பதுதான் இந்த ஊருக்குச் சரி.

சுக்குமல்லி

சங்குப்பூ, செவ்வந்தி எல்லாம் சரி. ஆவாரம்பூவை ஏன் யாரும் சொல்லவில்லை? 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று படித்தவர்கள்தானே நாம். 70 வயதில் சர்க்கரை இல்லாமலா இருக்கும். ஊரிலிருந்து வரும்போது நான் ஒரு கிலோ கொண்டுவருவேன். தங்கமான நிறம்.

மருந்துச்சீட்டு

அண்ணே, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் சர்க்கரை இருக்கும் என்று நினைத்து ஆவாரம்பூ கொடுப்பதில்தான் எனக்குக் கவலை. ஆவாரம்பூ சர்க்கரையைக் குறைக்கும் என்பதால்தானே அதைத் தேடுகிறோம்? அவர் ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை போடுபவராக இருந்தால், இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மேல் இறக்கலாம். தனியாக இருக்கும் 70 வயதுக்காரருக்குக் கைநடுக்கம், மயக்கம் என்று வந்தால் பக்கத்தில் யாரும் இல்லை. வேலை செய்யும் மூலிகை என்றால் அது மருந்துதான். பரிசாகக் கொடுப்பது ஒரு குடிபானமாக இருக்கட்டும்.

சுக்குமல்லி

என் பாட்டி 91 வயது வரை குடித்தார். ஒன்றும் ஆகவில்லை.

இரவுப்பணி

ஐயா, உங்கள் பாட்டி மாத்திரை எதுவும் சாப்பிட்டாரா? நான் வார்டில் தாதியாக இருக்கிறேன். எங்களிடம் வரும் பெரியவர்களில் பலரும் ஒரு நாளைக்கு ஐந்தாறு மாத்திரை விழுங்குகிறார்கள். வீட்டில் என்ன கஷாயம் குடிக்கிறீர்கள் என்று கேட்டால் சொல்லத் தயங்குவார்கள், மருத்துவர் திட்டுவார் என்று. உங்கள் பாட்டி குடித்த ஆவாரம்பூவில் குறை இல்லை. அதோடு சேரும் மாத்திரைதான் புதுசு.

சுக்குமல்லி

நீங்கள் சொல்வது சரிதான் அம்மா. பாட்டி வாழ்நாளில் ஒரு மாத்திரை போட்டதில்லை. நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை.

பழைய மாணவி (செவ்வாய்)

எல்லாருக்கும் நன்றி. டீச்சரின் மகளிடம் நைசாகப் பேசிக் கேட்டுவிட்டேன். சர்க்கரை இல்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு. இதயத்துடிப்பு சீராக இல்லை என்று ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் கொடுத்திருக்கிறார்கள். மாதாமாதம் ரத்தச் சோதனைக்குப் போகிறாராம்.

நான் கெமோமில் (சீமைச் சாமந்திப் பூ) வாங்கலாம் என்று ஏறக்குறைய முடிவு செய்திருந்தேன். ஒரு கடையில் முழுப்பூவாக, ஆப்பிள் வாசனையோடு நன்றாக இருந்தது. இப்போது என்ன செய்வது?

மருந்துச்சீட்டு

கேட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று பாருங்கள். வார்ஃபரின் என்றால் பல மூலிகைகளை ஒதுக்க வேண்டும். கெமோமிலை நிறையப் பயன்படுத்திய வார்ஃபரின் நோயாளிக்கு உள் ரத்தக்கசிவு ஏற்பட்டது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. கோஜி பழத்துக்கும் அப்படிப் பதிவுகள் உண்டு, அதனால் லீ வீட்டு மருமகள் சொன்ன கலவை இவருக்கு வேண்டாம். சுக்கை முதன்மையாக வைத்துத் தினமும் குடிப்பதும் வேண்டாம். சமையலில் சேரும் அளவு இஞ்சி வேறு, கஷாயம் வேறு.

ரத்த அழுத்தம் இருப்பதால் அதிமதுரத்தையும் பாருங்கள். 'இயற்கை இனிப்பு' என்று சொல்லி ஏராளமான மூலிகைக் கலவைகளில் அதிமதுர வேர் சேர்க்கிறார்கள். தொடர்ந்து குடித்தால் உடம்பில் உப்பும் நீரும் தங்கி, பொட்டாசியம் குறைந்து, அழுத்தம் ஏறும். துடிப்பு சீராக இல்லாதவருக்குப் பொட்டாசியம் குறைவது இன்னும் மோசம். சிவப்பு நிறத்தில் புளிப்பாக இருக்கும் ரோசெல் பூ, நம் புளிச்சக்கீரைச் செடியின் இனம்தான், அது எதிர்ப்பக்கம். அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும், மாத்திரையோடு சேரும்போது கவனம் தேவை.

உடல் இளைக்க, வயிறு சுத்தமாக என்று விற்கும் எதன் பக்கமும் போகாதீர்கள். அவற்றில் பலவற்றில் நிலாவாரை இருக்கும், பேதியாகும். இளைக்க வைக்கும் பொருள்களில் தடைசெய்யப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்து கலந்திருந்ததாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பல முறை எச்சரிக்கை விட்டிருக்கிறது.

நாலைந்து மூலிகை கலந்தது வேண்டாம். ஒரே மூலிகை, பெயர் தெளிவாகப் போட்டது. அப்போதுதான் மருந்தகத்தில் கேட்டால் அவர்களால் பதில் சொல்ல முடியும்.

கப்பல்காரர்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் எது நல்ல மூலிகை என்று பேசுகிறீர்கள். டீச்சர் எதை இழந்திருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லையே. அவர் மூலிகையைத் தேடவில்லை. பால் டீயை இழந்திருக்கிறார். சாயங்காலம் கையில் சூடாக, சிவப்பாக, பாலும் சர்க்கரையும் ஏற்கிற ஒன்று. கெமோமிலில் பால் ஊற்றிப் பாருங்கள், செவ்வந்தியில் ஊற்றிப் பாருங்கள். ரோசெல்லில் ஊற்றினால் திரிந்துவிடும். எல்லாம் நல்ல பொருள்தான், ஆனால் பால் டீ குடித்து வளர்ந்த ஒருவருக்கு அவை மருந்துத் தண்ணீராகத்தான் தோன்றும். இரண்டு வாரம் குடிப்பார், பிறகு டப்பா அலமாரிக்குப் போகும், அவர் மறுபடி வெந்நீருக்குப் போவார். என் வீட்டில் அம்மாவுக்கு இதுதான் நடந்தது.

பால் ஏற்கும் மூலிகை எனக்குத் தெரிந்து ஒன்றுதான் உண்மையில் தேநீர் மாதிரி இருக்கிறது: ரூய்போஸ். நான் கப்பலில் இருந்த காலத்தில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் துறைமுகத்தில் முதன்முதலில் குடித்தேன். அந்த ஊர் வீடுகளில் அதைப் பாலும் சர்க்கரையும் சேர்த்துச் சாதாரணமாகக் குடிக்கிறார்கள், நாம் டீ குடிப்பது போலவே. ஆஃப்ரிகான்ஸ் மொழியில் 'சிவப்புப் புதர்' என்று பொருள். கேப் டவுனுக்கு வடக்கே சீடர்பெர்க் மலைப் பக்கத்தில்தான் விளைகிறது. வேறு நாடுகளில் பயிரிடப் பார்த்தும் வணிக அளவில் எடுபடவில்லை. அவரைக் குடும்பத்துச் செடி, ஊசி ஊசியாக இலை. பறிக்கும்போது பச்சை. நறுக்கி, நசுக்கி, குவித்துத் தண்ணீர் தெளித்து வைத்தால் காற்றுப்பட்டுச் சிவக்கும், பிறகு வெயிலில் காய வைப்பார்கள். தேயிலைக்குச் செய்வது போன்ற வேலைதான், ஆனால் தேயிலைக்கு உறவே இல்லை, காஃபீன் துளியும் இல்லை.

இன்னொரு நல்ல குணம்: துவர்ப்புத் தரும் டானின் இதில் குறைவு. மறந்துபோய் அடுப்பிலேயே விட்டாலும் கசக்காது. பெரியவர்களுக்கு இது எவ்வளவு வசதி என்று யோசியுங்கள்.

இந்தச் செடியின் பயனை முதலில் அறிந்தவர்கள் கோய், சான் பழங்குடி மக்கள். 2019இல்தான் ரூய்போஸ் தொழில்துறை அவர்களோடு ஒப்பந்தம் போட்டு வருமானத்தில் ஒரு பங்கு கொடுக்க ஒப்புக்கொண்டது. 2021இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் ரூய்போஸ் என்ற பெயருக்கே பாதுகாப்பு உண்டு. டீச்சராக இருந்தவர், இலை எங்கிருந்து வந்தது என்று கேட்பார். சொல்லிக்கொடுங்கள்.

மருந்துச்சீட்டு

கப்பல்காரர் சொன்னது நல்ல யோசனை. கெமோமில், கோஜி போல வார்ஃபரினோடு மோதும் என்று எச்சரிக்கும் பட்டியல்களில் ரூய்போஸை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அடுத்த ரத்தச் சோதனைக்குப் போகும்போது, புதிதாக இதைக் குடிக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடட்டும். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கோப்பை, தினமும் ஏறக்குறைய ஒரே அளவு. வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு எதையும் திடீரென்று கூட்டுவதும் நிறுத்துவதும்தான் ஆகாது. வாங்கும்போது வெறும் ரூய்போஸ் என்று மட்டும் போட்டிருக்கிறதா பாருங்கள். மசாலா கலந்ததில் அதிமதுரம் இருக்க வாய்ப்பு உண்டு.

இரவுப்பணி

நானும் ரூய்போஸ் பக்கம். இரவு வேலை முடிந்து காலையில் வந்து தூங்க வேண்டும், காஃபீன் உள்ளே போனால் பாதி குறைவதற்கே ஐந்து மணி நேரம் ஆகும். அதனால் ஆறு வருடமாக அதிகாலையில் இதைத்தான் குடிக்கிறேன்.

வெந்நீரில் மூன்று நிமிடம் ஊறப் போட்டுப் பால் ஊற்றினால் சப்பென்று இருக்கும், பலர் அங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள். ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி போட்டு, பாத்திரத்தில் ஏழெட்டு நிமிடம் மூடி கொதிக்க விடுங்கள். பிறகு பால் சேர்த்து ஒரு கொதி. அப்போதுதான் நிறமும் கனமும் வரும்.

சிக்கல் வடிகட்டியில்தான். இலை ஊசி மாதிரி இருப்பதால் சாதாரண டீ வடிகட்டியின் ஓட்டையில் நழுவிக் கோப்பைக்குள் விழும். பரிசுக் கடைகளில் விற்கும் உருண்டை வடிகட்டியும் இதற்கு உதவாது. மிக நுண்ணிய வலை வேண்டும்.

தோட்டக்காரி

துணி! காப்பிக்கடையில் காப்பி வடிக்கும் நீளமான துணிப்பை இருக்கிறதே, அதில் சின்ன அளவு கிடைக்கும், கம்பிப் பிடியோடு. ரூய்போஸுக்கு அதைவிடப் பொருத்தம் எதுவும் இல்லை. நான் சங்குப்பூவையே அதில்தான் வடிக்கிறேன்.

பழைய மாணவி (சனி)

கப்பல்காரர் ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த வெந்நீரைப் பார்த்து வருத்தப்பட்ட நானே அதை யோசிக்கவில்லை.

இன்று ஆறு பேரும் என் வீட்டில் கூடினோம். 50 கிராம் வாங்கிச் சோதித்துப் பார்த்தோம். இரண்டு வகை எடுத்தோம், ஒன்று வெறும் ரூய்போஸ், இன்னொன்று வெனிலா மணம் சேர்த்தது. வெனிலா மூக்குக்கு நன்றாக இருந்தது, பாலில் போட்டதும் ஐஸ்கிரீம் உருகியது போல ஆகிவிட்டது. ஒருத்தியும் இரண்டாவது வாய் குடிக்கவில்லை. பச்சை ரூய்போஸ் என்றும் கடையில் ஒன்று இருந்தது. சிவக்க விடாமல் உலர்த்தியதாம். வைக்கோல் மாதிரி இதமான மணம், ஆனால் பாலுக்கு ஆகாது.

வெறும் ரூய்போஸை இரவுப்பணி சொன்னபடி கொதிக்க வைத்தோம். முதல் தடவை பால் அதிகமாகி வெளுத்துவிட்டது. இரண்டாவது தடவை பாதிக்கும் குறைவாகப் பால் ஊற்றினோம். செங்கல் நிறம். தேயிலையின் அந்தக் கடுப்பு இல்லைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. அடியில் லேசான இனிப்பு, தேன் போல. கண்ணை மூடிக்கொண்டு குடித்த என் தோழி, 'டீ இல்லை, ஆனால் டீ குடித்த மாதிரி இருக்கிறது' என்றாள். அதுதான் எங்களுக்கு வேண்டியது.

சுக்குமல்லி

ஒரு ஏலக்காயைத் தட்டிப் போடுங்கள் தங்கச்சி. சமையல் அளவுதான், மருந்தாளர் தம்பியும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

மருந்துச்சீட்டு

சொல்ல மாட்டேன் அண்ணே. நல்லது.

லீ வீட்டு மருமகள்

டப்பாவின் மேல் டீச்சருக்குப் புரிகிற மாதிரி பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்: பெயர், எத்தனை கரண்டி, எத்தனை நிமிடம், திறந்த தேதி. கடை ஒட்டியிருக்கும் பொடி எழுத்தை 70 வயதில் யார் படிப்பார்கள். மாமியாருக்கு வாங்கும் எல்லா டப்பாவிலும் நான் சீனத்தில் எழுதி ஒட்டுகிறேன், அப்படிச் செய்த பிறகுதான் அவரே எடுத்துப் போட்டுக் குடிக்கிறார். கோப்பையும் கொடுப்பதாக இருந்தால் இலகுவானதாக, விரல் முழுதும் நுழையும் பிடி உள்ளதாகப் பாருங்கள். கனமான பீங்கான் பார்க்க அழகு, நடுங்கும் கைக்குப் பாரம்.

பழைய மாணவி (மூன்று வாரம் கழித்து)

கொடுத்துவிட்டோம். 100 கிராம் டப்பா இரண்டு, துணி வடிகட்டி ஒன்று, இலகுவான கண்ணாடிக் கோப்பை ஒன்று, ஒரு சின்னப் பொட்டலம் ஏலக்காய். 60 வெள்ளியைக் கொஞ்சம் தாண்டியது.

டீச்சர் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, எங்களைக் கூடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு அவரே அடுப்படிக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்து, கடிகாரத்தைப் பார்த்து எட்டு நிமிடம் நின்றார். துணியில் வடித்து, பால் சேர்த்து, இரண்டு டம்ளரில் நீளமாக ஆற்றினார். அந்த ஆற்றும் சத்தத்தைக் கேட்டு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஏழு பேருக்கும் ஒரே பாத்திரத்தில் போட்டது. இந்தத் தடவை அவருக்குத் தனியாக வெந்நீர் இல்லை.

கப்பல்காரர் ஐயா சொன்னபடியே முதல் கேள்வி 'எந்த ஊர் இலை?' சீடர்பெர்க் என்றேன். எழுந்துபோய் உலக வரைபடப் புத்தகத்தை எடுத்துத் தென்னாப்பிரிக்கா பக்கத்தைத் திறந்து, எங்கே என்று காட்டச் சொன்னார். பிறகு நான் ஒட்டியிருந்த காகிதத்தில் 'கொதிக்கவைக்கவும்' என்பதைச் சேர்த்து எழுதியது சரியா என்று என்னையே கேட்டார். 40 வயதில் மறுபடி பரீட்சை எழுதினேன்.

வியாழக்கிழமை சோதனைக்குப் போனபோது மருந்தகத்தில் சொல்லிவிட்டதாக மகள் செய்தி அனுப்பினார். அளவு மாறாமல் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் ஒன்று, அவ்வளவுதான்.

புதிதாய் வந்தவன்

அக்கா, அந்தத் துணி வடிகட்டி எங்கே கிடைக்கும்? என் அம்மா அடுத்த மாதம் இங்கே வருகிறார்.

பழைய மாணவி

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்பு வட்டாரத்தில் பிளாஸ்டிக் வாளி, துடைப்பம் எல்லாம் தொங்கவிட்டு விற்கும் பழைய சாமான் கடைகளில் கேளுங்கள் தம்பி, இரண்டு மூன்று வெள்ளிதான். மிகச் சின்ன அளவாகக் கேட்டு வாங்குங்கள். புதுத்துணியில் கஞ்சி வாடை இருக்கும், முதலில் வெறும் தண்ணீரில் போட்டு இரண்டு முறை கொதிக்க வைத்துவிடுங்கள். சோப்பு போடக் கூடாது. ஒவ்வொரு தடவையும் அலசி, காற்றாடி காற்றில் நன்றாக உலர விடுங்கள். அம்மா ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா?